கடைசிக் கால வைத்தியம்: எது வேண்டும், எது வேண்டாம் என்பதை யார் சொல்வது?

கருணைக்கொலை என்ற சொல் செய்தியில் அடிபடும்போதெல்லாம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதமான பேச்சு ஓடும். "இனிமே வயசானவங்களுக்கு டாக்டரே ஊசி போட்டு முடிச்சிடலாமாம்" என்று ஒரு பயம். "ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டு வச்சுட்டா ஐசியூ பக்கமே போக வேண்டாமாம்" என்று ஒரு நிம்மதி. இரண்டும் சட்டத்தில் இல்லாதவை. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, கடும் நோய் வந்தவர்கள் பொதுவாக எதை விரும்புகிறார்கள், அந்த விருப்பம் ஏன் பெரும்பாலும் நடப்பதில்லை, பிள்ளைகள் எல்லாரும் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கப் பெரியவர்கள் மட்டும் இருக்கும் செட்டிநாட்டு வீடுகளில் என்ன செய்யலாம் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஒன்றோடொன்று குழம்பும் நான்கு விஷயங்கள்

1. மருந்தோ ஊசியோ கொடுத்து உயிரை முடிப்பது. இந்தியாவில் இது குற்றம். நோயாளியே கேட்டாலும் குற்றம், குடும்பமே கூடிக் கெஞ்சினாலும் குற்றம். எந்தத் தீர்ப்பும் இதை அனுமதிக்கவில்லை.

2. பலன் தராத உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது, அல்லது தொடங்காமலே இருப்பது. இனி குணமாக வழியில்லை என்று டாக்டர்கள் உறுதியாகச் சொன்ன பிறகு, வென்டிலேட்டர் போன்றவற்றை விலக்கி, நோயை அதன் போக்கில் விடுவது. சட்டம் அனுமதிப்பது இதைத்தான், அதுவும் ஒரு முறைப்படி.

3. சிபிஆர் வேண்டாம் என்ற முடிவு. இதயம் நின்றுபோனால் நெஞ்சை அமுக்கி, மின் அதிர்ச்சி கொடுத்து எழுப்பப் பார்ப்பதுதான் சிபிஆர். சினிமாவில் அடுத்த நிமிடம் கண் திறந்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியிலேயே சிபிஆர் பெற்ற 65 வயதைக் கடந்தவர்களைப் பற்றி 2009இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, 100 பேரில் சுமார் 18 பேர்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வெளியே வந்தார்கள். முற்றிய நோய் இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் குறைவு. சிபிஆர் வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கும் மற்ற எல்லாச் சிகிச்சையும் தொடரும். இதற்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

4. வலி தணிப்பு, ஆதரவு சிகிச்சை. பாலியேட்டிவ் கேர் என்று சொல்கிறார்களே, அது. வலி, மூச்சிரைப்பு, வாந்தி, மலச்சிக்கல், படுக்கைப் புண், பயம், தூக்கமின்மை எல்லாவற்றையும் கவனிக்கும் வைத்தியம்.

இந்த நான்காவதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் "கைவிட்டாச்சு" என்பதன் இன்னொரு பெயர் அது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பரவிய நுரையீரல் புற்றுநோய் வந்த 151 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். வழக்கமான புற்றுநோய் வைத்தியத்தோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேரும் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள், அது இல்லாதவர்கள் 8.9 மாதம். மனச்சோர்வும் குறைவாக இருந்தது, கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளும் குறைவாகவே நடந்தன. அதனால் இதைக் கடைசி வாரத்தில் தேடிப் போகாமல், நோய் தெரிந்த நாளிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

## மக்கள் கேட்பது என்ன, கிடைப்பது என்ன

2000இல் அமெரிக்காவில் நோயாளிகள், உறவினர்கள், டாக்டர்கள், மற்ற மருத்துவப் பணியாளர்கள் என நான்கு தரப்பிடமும் கடைசிக் காலத்தில் எது முக்கியம் என்று கேட்டார்கள். வலி இருக்கக் கூடாது என்பதில் எல்லாரும் ஒன்று. ஆனால் கடைசிவரை நினைவு தெளிவாக இருக்க வேண்டும், குடும்பத்துக்குச் சுமையாகிவிடக் கூடாது என்ற இரண்டையும் நோயாளிகள் வைத்த அளவுக்கு டாக்டர்கள் முக்கியமாக வைக்கவில்லை. எவ்வளவு நல்ல டாக்டராக இருந்தாலும், நோயாளியின் மனதிலிருக்கும் வரிசை அவருக்குத் தானாகத் தெரிந்துவிடாது, கேட்டால்தான் தெரியும்.

2012இல் கலிபோர்னியாவில் எடுத்த கருத்துக்கணிப்பு இன்னும் நேராகச் சொல்கிறது. வீட்டில்தான் உயிர் பிரிய வேண்டும் என்று விரும்பியவர்கள் 70 விழுக்காடு. அங்கே உண்மையில் வீட்டில் இறந்தவர்கள் 32 விழுக்காடு. தன் விருப்பத்தை எழுதி வைப்பது முக்கியம் என்று 82 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். எழுதி வைத்திருந்தவர்கள் 23 விழுக்காடுதான்.

இது அந்த ஊர்க் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதைக் காதில் வாங்கியவர்களுக்கு அந்த விருப்பம் புதிதாக இருக்காது. "படுக்கையில கிடக்காமப் போயிடணும்", "யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாது", "நம்ம வீட்டு வளவுலதான் போகணும்." இதைச் சொன்னதும் வீட்டில் என்ன நடக்கிறது? "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் அவர் நமக்குத் தெளிவாகச் சொல்லிவைக்க வந்த ஒரே தருணம் அதோடு முடிந்துபோகிறது.

நோய்க்கு நோய் கால அவகாசமும் மாறும். புற்றுநோயில் பெரும்பாலும் கடைசிச் சில வாரங்கள்வரை பேசவும் முடிவெடுக்கவும் முடியும். இதயம், சிறுநீரகம், நுரையீரல் பழுதானவர்கள் திடீரென்று மோசமாகி, தேறி, மறுபடியும் மோசமாகி என்று போவார்கள், எந்தத் தடவை கடைசித் தடவை என்று யாராலும் சொல்ல முடியாது. மறதிநோய் வந்தவர்கள் இறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே முடிவெடுக்கும் தெளிவை இழந்துவிடுவார்கள். அதனால் மறதி தொடங்கியிருக்கிறது என்று தெரிந்தால் அந்த வீட்டில் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடவே கூடாது.

## செட்டிநாட்டில் ஏன் சிக்கல் கூடுகிறது

பெரிய வீடு, உள்ளே ஓர் ஆச்சியும் ஐயாவும், அல்லது ஒருவர் மட்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எங்கே போனாலும் இப்படி வீடுகள் உண்டு. நடுராத்திரியில் மூச்சு முட்டினால் 108க்குப் போன் செய்வது பக்கத்து வீட்டுக்காரரோ சமையலுக்கு இருக்கும் அம்மாவோதான். அவர்களால் எந்த முடிவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. என்ன விருப்பம் என்று தெரியாத நிலையில் அவசரப் பிரிவு டாக்டர் உயிரைக் காப்பாற்ற எல்லாவற்றையும் செய்வார், அதுதான் அவர் கடமை. பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் தொண்டையில் குழாய் போட்டு மதுரைக்கோ திருச்சிக்கோ மாற்றியிருப்பார்கள்.

அதன் பிறகு ஐசியூ வாசலில், ஊரிலேயே இருந்து கவனித்த மகள் ஒன்று சொல்வார், விமானத்தில் வந்து இறங்கிய மகன் வேறொன்று சொல்வார். தூரத்தில் இருந்த பிள்ளை கடைசியில் வந்து "எல்லாமே செய்யுங்க" என்று நிற்பது உலகம் முழுக்க இருக்கிறது. 1991இல் ஒரு மருத்துவ இதழில் இதற்குக் 'கலிபோர்னியா மகள்' என்று பெயரே வைத்து எழுதினார்கள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூட இருக்க முடியவில்லையே என்ற வேதனைதான் அப்படிப் பேச வைக்கிறது. அப்பச்சி (அப்பா) என்ன விரும்பினார் என்று அவரே எழுதி வைத்த தாள் ஒன்று இருந்தால், அந்த வாசலில் அண்ணன் தங்கைக்குள் சண்டை வராது, ஒருவர் மேல் பழியும் விழாது.

எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுகிறோம், கொடுத்த சாமானுக்குப் பட்டியல் எழுதுகிறோம், மொய்யைக்கூட ஏட்டில் ஏற்றுகிறோம். சொத்துக்கு உயிலும் எழுதுகிறோம். தன் உடம்புக்கு மட்டும் ஒரு வரியும் எழுதாமல் போகிறார்கள்.

பணம் இன்னொரு பக்கம். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் தொழிலாளி வீட்டுக்கும் புதுவயலில் ஆலையில் வேலை பார்ப்பவர் வீட்டுக்கும் இதே கேள்வி வரும், அங்கே பயம் கடன் பற்றியது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு என்றாலும், தனியார் ஐசியூவில் நாள்கணக்கில் கிடந்தால் நகையும் நிலமும் போய்விடும். செலவு தாங்காமல் கடைசியில் "வீட்டுக்குக் கொண்டு போறோம்" என்று கையெழுத்துப் போட்டு அழைத்து வருகிறார்கள், வலி மருந்துகூட இல்லாமல். நோயாளியின் விருப்பத்தைக் கேட்டு எடுத்த முடிவு அல்ல இது, வேறு வழியில்லாமல் எடுத்தது. சட்டப்படி சிகிச்சையை விலக்குவதும் இதுவும் ஒன்றில்லை.

## சட்டம் வந்த வழி

மும்பை கேஇஎம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக், 1973இல் அங்கேயே ஓர் ஊழியரின் கொடூரத் தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்தார். 2015இல் இறக்கும்வரை 40 ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையின் நர்ஸுகள்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவு ஊட்டுவதை நிறுத்தி இறக்கவிட வேண்டும் என்ற மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, ஆனால் உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கலாம் என்று முதன்முறையாக வழி திறந்தது.

காமன் காஸ் என்ற அமைப்பு 2005இல் போட்ட வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கண்ணியமாக இறக்கும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும். நல்ல நினைவில் இருக்கும்போதே ஒருவர் தனக்கு என்ன சிகிச்சை வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். லிவிங் வில், அதாவது முன்விருப்ப ஆவணம். ஆனால் அதில் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) கையெழுத்திட வேண்டும், மாவட்ட ஆட்சியர் மருத்துவக் குழு அமைக்க வேண்டும் என்றெல்லாம் இருந்ததால் நடைமுறையில் யாராலும் பயன்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரி 24 அன்று அந்த முடிச்சுகளை நீதிமன்றமே தளர்த்தியது. இப்போது நடப்பில் இருப்பது இந்த 2023 முறைதான். 2024இல் மத்திய சுகாதாரத் துறை ஒரு வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது, 2025 ஜனவரியில் கர்நாடக அரசு தன் மாநிலத்தில் செயல்படுத்த உத்தரவு போட்டது.

## எழுதி வைப்பது எப்படி

1. 18 வயது நிறைந்து, தெளிந்த மனதோடு, யார் கட்டாயமும் இல்லாமல் எழுத வேண்டும்.

2. எந்த நிலையில் எது வேண்டாம் என்று தெளிவாக இருக்க வேண்டும். "கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் டாக்டரால் எதுவும் செய்ய முடியாது. "குணமாக வழியில்லாத நோய் முற்றி, நானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால் எனக்கு வென்டிலேட்டர், டயாலிசிஸ், சிபிஆர் வேண்டாம்; வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மருந்து தொடர வேண்டும்" என்பது தெளிவு.

3. தன் சார்பில் பேசும் ஆட்களின் பெயரை எழுத வேண்டும். ஒருவருக்கு மேல் இருக்கலாம். இங்கே பாசத்தைவிடத் தூரத்தைப் பார்ப்பது நல்லது: மூத்த மகன் டல்லாஸில், தங்கை மகன் காரைக்குடியில் என்றால் இரண்டு பெயரும் இருக்கட்டும்.

4. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து, பிறகு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் சான்று. பத்திரப்பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை, கோர்ட்டுக்கும் போக வேண்டியதில்லை.

5. பிரதி ஒன்று பெயர் எழுதிய ஆட்களுக்கு, ஒன்று குடும்ப டாக்டருக்கு, ஒன்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு. காரைக்குடிக்காரர் என்றால் மாநகராட்சி, தேவகோட்டை என்றால் நகராட்சி, கானாடுகாத்தான் என்றால் பேரூராட்சி. அங்கே இதற்கென ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. "அப்படி ஒண்ணும் எங்களுக்கு வரல" என்று கவுண்டரில் சொன்னால் 2023 உத்தரவின் நகலைக் காட்டி, எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். அசல் தாள் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் பயன்படாது. போட்டோ எடுத்து நாலு பேர் போனில் இருக்கட்டும்.

6. எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம், மாற்றலாம். இரண்டு ஆவணம் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும்.

## தாள் கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரியில் நடப்பது

நினைவோடு பேசக்கூடிய நோயாளியிடம் இந்தத் தாளைக் காட்டி யாரும் முடிவெடுக்க முடியாது, அவர் வாய்ச்சொல்தான் அப்போது சட்டம். அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லாதபோதுதான் ஆவணம் பேசும். முதலில் சிகிச்சை தரும் டாக்டரும், அந்தத் துறையில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பார்க்கும். சிகிச்சையை விலக்கலாம் என்று அவர்கள் சொன்னால், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும், முதல் குழுவில் இல்லாத வேறு இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஆவணத்தில் பெயர் உள்ளவர்களின் சம்மதம் வேண்டும், நிறுத்துவதற்கு முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் போக வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். ஆவணமே இல்லாவிட்டாலும் நெருங்கிய உறவினர் சம்மதத்தோடு இதே முறையில் போகலாம்; என்ன, அப்போது நோயாளியின் மனதை மற்றவர்கள் ஊகிக்க வேண்டியிருக்கும்.

"இதை வச்சு சொத்துக்காகப் பெரியவங்களை முடிச்சிட மாட்டாங்களா" என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தலைக்கூத்தல் பற்றி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த செய்திகளைப் படித்த மண் இது, அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடுவது கொலை, அங்கே அந்தப் பெரியவரின் சொல்லுக்கு இடமே இல்லை. முன்விருப்ப ஆவணம் நேர் எதிரானது. எழுதுவது அவரே, சாட்சி இருவர், பிறகு இரண்டு மருத்துவக் குழு, கடைசியில் நடுவருக்குத் தகவல். "எனக்கு எல்லாச் சிகிச்சையும் வேண்டும், நிறுத்தாதீர்கள்" என்று ஒருவர் விரும்பினால் அதையும் தெளிவாக எழுதி வைக்கலாம், அந்த விருப்பமும் இதே அளவு மதிக்கப்பட வேண்டியது.

## வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால்

வீட்டில்தான் போக வேண்டும் என்ற ஆசை நிறைவேற, வீட்டில் வலி தெரியாமல் இருக்க வேண்டும். இது இல்லாமல் மற்ற எதையும் பேசிப் பயனில்லை. கடும் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரைதான் அடிப்படை மருந்து, விலையும் குறைவு. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆஸ்பத்திரிகள் அதை வைத்திருக்கவே பயந்தன. 2014 திருத்தம் அதைத் தளர்த்தியது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வைத்துக் கொடுக்கலாம். "மார்ஃபின் ஆரம்பிச்சா அவ்வளவுதான்" என்பது தப்பு, வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் அது உயிரைக் குறைப்பதில்லை. மலச்சிக்கல் அநேகமாக வரும், அதற்கு மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்து சாப்பாடு. வீட்டில் அதிகம் கண்ணீர் வருவது இதில்தான். கடைசி நாட்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை, பசி அடங்கிவிடும். சாப்பிடாததால் அவர் போய்க்கொண்டிருக்கவில்லை, போய்க்கொண்டிருப்பதால்தான் சாப்பிடவில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டினால் புரையேறி நெஞ்சுக்குள் போகும். மறதிநோய் முற்றியவர்களுக்கு மூக்குக்குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதில்லை என்பதால், ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக, அவர் விரும்பும் அளவு மட்டும் ஊட்டச் சொல்கிறார்கள் முதியோர் மருத்துவர்கள். வாயை ஈரத்துணியால் துடைத்து, உதட்டில் வெண்ணெயோ வாசலினோ தடவினாலே பெரிய ஆறுதல்.

உதவிக்கு: 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் நர்ஸ் வந்து படுக்கைப் புண், சிறுநீர்க் குழாய் பார்ப்பார், வீட்டாருக்குப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லிக் கொடுப்பார். மார்ஃபின் கிடைக்குமா என்று சிவகங்கை அல்லது புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அலைய முடியாது.

வெளியூரில் இருப்பவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, நோய் எதுவும் இல்லாத நல்ல நாளிலேயே, முகப்பில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டால் போதும். ஆத்தா, ரொம்ப முடியாமப் போனா ஆஸ்பத்திரியா வீடா? நினைவு திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டா மெஷின்ல வைக்கட்டுமா? உங்களுக்காக எங்கள்ல யார் பேசணும்? பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, படித்துக் காட்டி, அடுத்த நாளே நோட்டரியிடம் போங்கள். மறுபடி அடுத்த வருடம் கேளுங்கள், பதில் மாறியிருக்கலாம்.